பழைய செங்கல் நெருப்பிடத்தை டைலால் மூடுவது: முழுமையான வழிகாட்டி

கனடாவிலும் அமெரிக்காவிலும் 1960 முதல் 1980-கள் வரை கட்டிய வீட்டை வாங்கினால், கீழ்த்தளத்திலோ ஃபேமிலி ரூமிலோ கருஞ்சிவப்புச் செங்கல் நெருப்பிடம் ஒன்று கூடவே வரும். அதை இடிக்கத் தேவையில்லை. செங்கலின் முகப்பிலேயே டைல் ஒட்டிவிடலாம். பொறுமை உள்ளவர்கள் இரண்டு மூன்று வார இறுதிகளில் முடிக்கக்கூடிய வேலைதான்.

டைல் ஒட்டுவது இதில் கடினமான பகுதி அல்ல. வேலை கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே: புகைக்கரி போகாத செங்கலில் கலவை பூசுவது, மேடுபள்ளத்தைச் சரிசெய்யாமல் ஒட்டுவது, சூடு எது வரை எட்டும் என்று பார்க்காமல் பொருள் வாங்குவது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் வகையைக் கண்டறியுங்கள்

டார்ச் அடித்து எரியும் அறைக்குள் பாருங்கள். உள்ளே மஞ்சள் சாயலுள்ள எரிசெங்கல் (சூடு தாங்கும் செங்கல்), பின்னால் கட்டி எழுப்பிய புகைபோக்கி என்றால் அது முழுக்கக் கொத்துவேலை நெருப்பிடம். இந்த வழிகாட்டி அதற்கே.

உள்ளே இரும்புத் தகடு, வாயைச் சுற்றிக் காற்றுத் துளைகள், ஓரிடத்தில் தயாரிப்பாளரின் தகடு என்று இருந்தால் அது தொழிற்சாலையில் செய்து பொருத்திய பெட்டி. வெளியே செங்கல் வெறும் அலங்காரம். அந்தக் காற்றுத் துளைகள் பெட்டியின் வெளிச்சுவரைக் குளிர்விக்கின்றன. அவற்றின் மேல் அரை அங்குலம் கூட டைல் ஏறக்கூடாது. முகப்பில் என்ன ஒட்டலாம், எவ்வளவு தள்ளி ஒட்டலாம் என்பதைத் தகட்டில் உள்ள மாடல் எண்ணுக்குரிய கையேடு சொல்லும். அது கிடைக்கும் வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

எந்த வகையாக இருந்தாலும், புகைபோக்கியைச் சுத்தம் செய்து பரிசோதிப்பதை இப்போதே முடித்துவிடுங்கள். ஒன்டாரியோவில் வீட்டுக் காப்பீட்டுக்காரர்கள் வெட் (WETT) சான்றிதழ், அதாவது விறகு நெருப்பிடங்களைப் பரிசோதிப்பதற்கான சான்றிதழ், பெற்றவரின் அறிக்கையைக் கேட்பது வழக்கம். புது டைல் ஒட்டிய பிறகு கரி வாருவதைவிட இது நல்லது. செங்கலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் புகைபோக்கி வழியாக எங்கோ தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். மேல்மூடியிலோ, கூரையோடு சேரும் தகட்டிலோ ஒழுக்கு இருக்கும். அதை அடைக்காமல் டைல் ஒட்டினால் உப்பு டைலைப் பின்னாலிருந்து தள்ளும்.

2. நெருப்புக்கான இடைவெளிகளைச் சுவரில் குறியுங்கள்

டைல் எரியாத பொருள், ஆகவே வாயின் விளிம்பு வரை வரலாம். சிக்கல் மரத்தில்தான். பலரும் டைலோடு சேர்த்து மேன்டல் என்கிற மேல் மரத்தட்டையும் மாற்றுகிறார்கள். கொத்துவேலை நெருப்பிடத்துக்கு அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பு சொல்வது இது: வாயின் விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. 6 முதல் 12 அங்குலத்துக்குள் இருந்தால், வாயிலிருந்து தள்ளியிருக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு நூல் (1/8 அங்குலம்) மட்டுமே அது முன்னால் நீட்டலாம். 10 அங்குல உயரத்தில் தட்டு வைத்தால் வெறும் ஒன்றேகால் அங்குலம்தான் நீட்ட முடியும். 8 அங்குல அகலத் தட்டு வேண்டும் என்றால் 12 அங்குலத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

தரையில் வாய்க்கு முன்னால் உள்ள எரியாத பகுதிக்கும் அளவு உண்டு. இதை முன்திண்ணை என்று அழைப்போம். வாயின் பரப்பு 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் முன்னால் 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் வேண்டும். 6 சதுர அடியும் அதற்கு மேலும் என்றால் 20-ம் 12-ம். கனடாவில் குறைந்தபட்சம் முன்னால் 400 மில்லிமீட்டர், பக்கங்களில் 200 மில்லிமீட்டர். இடத்தை மிச்சப்படுத்த முன்திண்ணையை வெட்டிக் குறைக்க நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் நகராட்சியின் விதியையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கதவு இருந்தால் இப்போதே கழற்றி அளவெடுங்கள். பூச்சும் டைலும் சேர்ந்து முகப்பு முக்கால் அங்குலம் முன்னால் வரும். முன்திண்ணையும் அதே அளவு உயரும். சட்டம் முகப்பின் மேல் படியும் கதவாக இருந்தால் அதன் பிடிகள் எட்டாமல் போகலாம், அல்லது கதவு திறக்கும்போது திண்ணையில் இடிக்கலாம்.

3. பொருட்களும் கணக்கும்

டைல்: போர்சலின், செராமிக், இயற்கைக் கல் மூன்றும் சரி. பின்பக்கத்தைப் பிரித்து ஒட்டும் வினைல் டைல் கூடாது. வெப்பத்தில் சுருங்கும், எரியும்.

ஒட்டும் கலவை: பாலிமர் கலந்த, மூட்டையில் வரும் தின்செட் பொடி. 12×24 அங்குல டைல் என்றால் மூட்டையில் எல்.எச்.டி. (LHT) என்று எழுதிய, பெரிய கனமான டைலுக்கான வகையை வாங்குங்கள். கொஞ்சம் தடிமனாகப் பூசினாலும் தொய்யாது. வாளியில் கலந்தே வரும் மாஸ்டிக் பசையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது காற்றில் உலர்ந்து இறுகும் பொருள். போர்சலினுக்குப் பின்னால் காற்று எட்டாமல் நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். இறுகிய பிறகும் சூட்டில் இளகும்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. முகப்பு 6 அடி அகலம், நாலரை அடி உயரம்: 27 சதுர அடி. வாய் 36×28 அங்குலம், அதாவது 7 சதுர அடியைக் கழித்தால் 20. முன்திண்ணையின் மேல்பக்கம் 6 அடி × 20 அங்குலம்: 10 சதுர அடி. திண்ணை ஓரடி உயரம் என்றால் முன்முகமும் இரு பக்கங்களும் சேர்ந்து சுமார் ஒன்பதரை. மொத்தம் 39.5 சதுர அடி. வெட்டுகள் அதிகம் என்பதால் 15 சதவீதம் கூட்டி 45 அல்லது 46 சதுர அடி வாங்க வேண்டும். எல்லாப் பெட்டியும் ஒரே தொகுதி எண்ணாக இருக்கட்டும். மாறினால் நிறம் மாறும்.

இதே அளவுக்கு 50 பவுண்டு தின்செட் மூட்டை மூன்று. ஒன்று டைல் ஒட்ட, இரண்டு செங்கலைச் சமப்படுத்த. புதியவர்கள் இந்த இரண்டைக் கணக்கில் சேர்க்காமல், பாதி வேலையில் கடைக்கு ஓடுகிறார்கள்.

கருவிகள்: தட்டைக் கரணை, 1/4×3/8 அங்குலப் பல் கரணை, 4 அடி ரசமட்டம், 6 அடி நேரான அலுமினிய மட்டக்கோல், வைரத் தட்டு பொருத்திய ஆங்கிள் கிரைண்டர், வாடகைக்கு ஒரு தண்ணீர் ரம்பம், கலக்கும் துடுப்புள்ள டிரில், 1/8 அங்குல ஸ்பேசர், நுண்தூசியைத் தடுக்கும் பி100 முகமூடி, கண்ணாடி.

4. கரியும் பளபளப்பும் போக வேண்டும்

தின்செட் பிடிக்க வேண்டியது செங்கலை. புகைக்கரியைப் பிடித்தால் கரியோடு சேர்ந்து உரிந்து வரும். முதலில் உலர்ந்த கம்பித் தூரிகையால் தேய்த்து வாக்யூமால் உறிஞ்சுங்கள். பிறகு டி.எஸ்.பி. (டிரைசோடியம் பாஸ்பேட்) என்கிற அழுக்கு நீக்கும் தூளைப் பெட்டியில் சொன்ன அளவுக்கு வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவுங்கள். டி.எஸ்.பி. மிச்சம் இருந்தால் அதுவே ஒட்டாமல் தடுக்கும். வாய்க்கு நேர் மேலே உள்ள இரண்டு வரிச் செங்கலில்தான் கரி ஆழமாக இறங்கியிருக்கும். அங்கே மூன்றாம் முறையும் தேய்க்க வேண்டி வரலாம்.

உலர்ந்ததும் பத்து இடங்களில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக நின்றால் யாரோ முன்பு சீலர் அடித்திருக்கிறார்கள். அந்த இடங்களைக் கிரைண்டரால் சுரண்டியே ஆக வேண்டும்.

பெயிண்ட் அடித்த செங்கல் இன்னும் தொல்லை. டைலின் கனமெல்லாம் செங்கலைவிட்டு பெயிண்ட் படலத்தின் மேல் நிற்கும். போர்சலின் சதுர அடிக்கு நாலைந்து பவுண்டு எடை. வீடு 1978-க்கு முந்தையதானால் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் சுரண்டாதீர்கள், சுரண்டும் அறையில் குழந்தைகள் இருக்கக் கூடாது. பெயிண்ட் பூசிய முகப்புக்குச் சுரண்டலைவிட அடுத்த பகுதியில் உள்ள சிமெண்ட் போர்டு வழியே நல்லது.

கிரைண்டர் ஓடும்போது பறப்பது சிலிக்கா தூசி, நுரையீரலில் தங்கிவிடும். வாக்யூம் இணைக்கும் மூடி இல்லாமல் வீட்டுக்குள் செங்கலை அரைக்க வேண்டாம். டேம்பரை (புகைபோக்கியை அடைக்கும் தகட்டை) மூடி, வாயை பிளாஸ்டிக்கால் அடைத்து, அறை வாசலிலும் பிளாஸ்டிக் தொங்கவிடுங்கள்.

5. சமப்படுத்துதல்: வேலையின் பாதி இதுதான்

செங்கல் முகப்பு ஒருபோதும் சமதளம் அல்ல. இடைச்சாந்து ஒன்றிரண்டு நூல் உள்வாங்கியிருக்கும். சில செங்கல் துருத்தும். அழகுக்கென்றே வெளியே நீட்டிக் கட்டிய வரிகளும் உண்டு. பெரிய டைலுக்கு, அதாவது ஒரு பக்கமாவது 15 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், 10 அடி நீளத்தில் ஒரு நூலுக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்பது டைல் தொழிலின் அளவுகோல். சிறிய டைலுக்குக் கால் அங்குலம் வரை பொறுக்கும்.

மட்டக்கோலைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் வைத்துப் பாருங்கள். கோல் ஆடும் இடம் மேடு. அதைச் சாக்கட்டியால் வட்டமிட்டு முதலில் அரைத்துத் தள்ளுங்கள். மேட்டைக் குறைக்காமல் பள்ளத்தை நிரப்பப் போனால், ஒரு துருத்திய செங்கலுக்காக முகப்பு முழுவதும் அரை அங்குலம் கனக்கும். முழுதாக வெளியே நீட்டிய வரிச் செங்கலை உளியும் சுத்தியலும் கொண்டு செதுக்கிவிடலாம். ஆனால் வாய்க்கு மேலே உள்ள இரும்பு லின்டல் (சுமை தாங்கும் குறுக்குச் சட்டம்) தாங்கும் செங்கலில் கை வைக்காதீர்கள்.

அடுத்து பூச்சு. செங்கலை ஈரத் துணியால் ஒற்றி நனையுங்கள். நீர் சொட்டக் கூடாது, நிறம் மட்டும் இருள வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், சிமெண்ட் இறுகும் முன்பே பொடியாகும். தின்செட்டை வேர்க்கடலை வெண்ணெய்ப் பதத்துக்குக் கலந்து, மூட்டையில் சொன்ன நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், அப்படியே விட்டு மறுபடி கலக்குங்கள். கெட்டியாகிப் போன கலவையில் தண்ணீர் ஊற்றி இளக்க வேண்டாம். வலு போய்விடும். சின்னச் சின்னதாகக் கலந்துகொள்வதே வழி.

இரண்டு கோட்டாகப் பூசுங்கள். முதல் கோட்டில் தட்டைக் கரணையை அழுத்தி, இடைச்சாந்துப் பள்ளங்களை மட்டும் செங்கல் மட்டத்துக்கு நிரப்புங்கள். மறுநாள் இரண்டாம் கோட்டில் முகப்பு முழுவதும் ஒரு நூல் கனத்துக்குப் பூசி, மட்டக்கோலை வைத்து அறுத்தாற்போல் இழுங்கள். ஒரே நாளில் கனமாக அப்பினால் பள்ளத்தில் உள்ள கலவை கூடுதலாகச் சுருங்கி, செங்கல் வரிசை அப்படியே மேலே தெரியும், விரிசலும் விடும். 24 மணி நேரம் கழித்து மறுபடி கோல் வைத்துப் பாருங்கள். திருப்தி இல்லையென்றால் மூன்றாம் கோட்டுக்கு ஒரு நாள் செலவிடுங்கள். இங்கே செலவழித்த ஒரு நாள் டைல் ஒட்டும்போது இரண்டு நாளை மிச்சமாக்கும்.

பெயிண்ட் போகாத முகப்புக்கும் மிக மோசமான மேடுபள்ளத்துக்கும் அரை அங்குலச் சிமெண்ட் போர்டு. பின்பக்கம் தின்செட் பூசி, செங்கலின் உடம்பில் (சாந்தில் அல்ல) 3/16 அங்குல டேப்கான் திருகால் 8 அங்குலத்துக்கு ஒன்றாக முடுக்குங்கள். துளைக்கு 5/32 அங்குல பிட், திருகின் நீளம் ஒன்றேமுக்கால் அங்குலம். செங்கலுக்குள் குறைந்தது ஓர் அங்குலம் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். போர்டுகள் சேரும் இடத்தில் காரம் தாங்கும் கண்ணாடியிழை நாடாவையே ஒட்டுங்கள். ஜிப்சம் போர்டுக்கான சாதாரண நாடாவைச் சிமெண்ட் அரித்துவிடும். ஜிப்சம் போர்டையே அடித்து அதில் டைல் ஒட்டும் யோசனை வேண்டாம். அதன் மேல்தாள் எரியக்கூடியது.

6. ஒட்டுமுன் தரையில் அடுக்கிப் பாருங்கள்

நடுக்கோட்டை அறைச் சுவரிலிருந்து அளக்காமல் வாயின் நடுவிலிருந்து எடுங்கள். கண் வாயைத்தான் முதலில் பார்க்கும். அந்தக் கோட்டில் டைலின் நடு வருவதா, இரு டைல் சேரும் இடம் வருவதா என்று இரண்டு விதமாகவும் அடுக்குங்கள். ஓரத்தில் 2 அங்குலத்துக்கும் குறைந்த கீற்று வராத ஏற்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். கீற்று வெட்டும்போதே உடையும், ஒட்டினாலும் ஒட்டுப்போட்டது போலத் தெரியும்.

வாயின் இரு மேல் மூலைகளும் கவனிக்க வேண்டியவை. எல் வடிவில் வெட்டிய டைல் அந்த உள்மூலையிலிருந்தே விரிசல் விடும். முடிந்தால் டைல் இணைப்பு சரியாக மூலையில் விழும்படி வரிசையை நகர்த்துங்கள். எல் வெட்டு தவிர்க்க முடியாது என்றால், முதலில் உள்மூலையில் வைர பிட்டால் ஒரு துளை போட்டு, அந்தத் துளை வரை இரு பக்கமும் வெட்டுங்கள். வட்டமான துளையில் விசை ஒரே புள்ளியில் குவியாது.

12×24 டைலைச் செங்கல் போலப் பாதிக்குப் பாதி மாற்றி அடுக்காதீர்கள். நீள டைல் நடுவில் இலேசாக வளைந்திருக்கும். வளைவின் உச்சி பக்கத்து டைலின் ஓரத்தோடு சேர்ந்தால் விளிம்பு தூக்கும். மூன்றில் ஒரு பங்குதான் தள்ளலாம்.

7. ஒட்டும் வரிசை

புதியவர்கள் கீழிருந்து தொடங்கித் திண்ணையிலேயே முதல் டைலை உட்கார வைக்கிறார்கள். பழைய திண்ணை மட்டமாக இருப்பதில்லை. அந்தக் கோணல் மேல் வரை ஏறும். சரியான வரிசை இது.

முதலில் முகப்பின் இரண்டாவது வரிசை. அதன் அடிக்கோட்டை ரசமட்டத்தால் வரைந்து, நேரான மரச்சட்டம் ஒன்றைத் திருகி அதன் மேல் டைலை நிறுத்துங்கள். வாயின் மேலேயும் அப்படியே ஒரு சட்டம் வேண்டும். அங்கே கீழே தாங்க ஒன்றுமில்லாததால் டைல் இரவோடு இரவாக வழுக்கி இறங்கும். முகப்பு முடிந்து மறுநாள் திண்ணையின் முன்முகம், பிறகு மேல்பக்கம். கடைசியில் சட்டத்தை எடுத்து, முகப்பின் அடிவரிசையை அளந்து வெட்டிச் செருகுங்கள். திண்ணையின் கோணல் முழுவதையும் அந்த வெட்டு விழுங்கிவிடும்.

கலவையை முதலில் தட்டைப் பக்கத்தால் தேய்த்து, பிறகு பல் பக்கத்தால் ஒரே திசையில் நேர்கோடுகளாக இழுங்கள். சுழற்றிச் சுழற்றி இழுத்தால் நடுவில் காற்று சிக்கும். டைலின் பின்பக்கமும் மெல்லிய பூச்சு. கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்துங்கள். மூன்றாவது டைலைப் பெயர்த்துப் பாருங்கள்: பின்பக்கத்தில் குறைந்தது 80 சதவீதம் கலவை ஒட்டியிருக்க வேண்டும், இயற்கைக் கல்லுக்கு 95. குறைந்தால் இன்னும் பெரிய பல் கரணைக்கு மாறுங்கள்.

இரும்பு லின்டலின் மேல் தின்செட் போட்டு டைலை ஒட்டாதீர்கள். சூட்டில் இரும்பு செங்கலைவிட அதிகம் நீளும். டைலைச் செங்கலில் மட்டும் ஒட்டி, இரும்புக்கும் டைலுக்கும் நடுவே ஒரு நூல் இடம் விடுங்கள். எரியும் அறைக்குள்ளும் டைல் போகக் கூடாது. அங்கே எரிசெங்கலும் அதற்கான சூடு தாங்கும் சாந்தும் மட்டுமே நிற்கும்.

8. ஓரங்கள்

வெட்டிய டைலின் பக்கம் தெரிந்தால் மொத்த வேலையும் அரைகுறையாகத் தோன்றும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஓரப்பட்டியை டைலின் கனத்துக்கேற்ப வாங்குங்கள். பட்டியின் துளையுள்ள கால் டைலுக்கு அடியில் கலவையில் புதைய வேண்டும் என்பதால் டைலுக்கு முன்பே இதை வைக்க வேண்டும். பின்னால் சேர்க்க வழியே இல்லை. பி.வி.சி. பட்டி வாய்ப்பக்கம் வேண்டாம். திண்ணையின் முன் விளிம்பில் குழந்தைகள் முழங்கால் இடிக்கும் என்பதால், அங்கே கூர் முனை இல்லாத வட்டப் பட்டி நல்லது.

9. கிரவுட்டும் சிலிக்கானும்

கடைசி டைல் ஒட்டி 24 மணி நேரம் போகட்டும். டைல்களின் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் சாந்துதான் கிரவுட். ஒரு நூல் இடைவெளிக்கு மணல் கலந்த கிரவுட், அதைவிடக் குறுகலுக்கும் கீறல் விழும் பளிங்குக்கும் மணலில்லாதது. மூலைவாட்டாக இழுத்து நிரப்பி, நன்றாகப் பிழிந்த பஞ்சால் துடையுங்கள். ஈரம் சொட்டும் பஞ்சு கிரவுட்டின் நிறத்தைக் கழுவி, காய்ந்ததும் திட்டுத் திட்டாக்கிவிடும்.

இரு தளங்கள் சேரும் இடங்களில் கிரவுட் போடாதீர்கள்: முகப்பும் திண்ணையும் சேரும் கோடு, டைலும் பக்கத்துச் சுவரும் சேரும் கோடு. அவை தனித்தனியாக அசையும், கிரவுட் முதல் குளிர்காலத்திலேயே வெடிக்கும். அங்கே கிரவுட் நிறத்திலேயே கிடைக்கும் சிலிக்கான். வாயைச் சுற்றியும் லின்டலை ஒட்டியும் அதிவெப்பம் தாங்கும் வகை. குழாயில் எழுதிய வெப்ப அளவைப் படித்தே வாங்குங்கள். குளியலறைக்கான சாதாரண சிலிக்கான் அங்கே நிற்காது.

10. முதல் நெருப்பு

கலவையை உலர்த்துவதற்கென்று நெருப்பு மூட்டாதீர்கள், ஹீட்டரும் வைக்காதீர்கள். சிமெண்ட் இறுகுவது தண்ணீரோடு நடக்கும் வினை. அவசரமாக வெளியேறும் நீராவி டைலைப் பின்னாலிருந்து தூக்கும். ஒரு வாரம் என்பது குறைந்தபட்சம். சிமெண்ட் தன் வலுவைப் பெற 28 நாள் ஆகும் என்பதால், இலையுதிர் காலம் தொடங்குமுன் வேலையை முடித்து அந்த நாட்களை விடுவதே எங்கள் பரிந்துரை.

முதல் இரண்டு மூன்று தடவை சில சுள்ளிகள் மட்டும், அரைமணி நேரம். ஒவ்வொரு முறையும் ஆறிய பிறகு விரல் கணுவால் டைலைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றொலி கேட்கும் டைல் பிடி விட்டிருக்கிறது. சுற்றிலும் கிரவுட்டைச் சுரண்டி, அந்த ஒன்றை மட்டும் பெயர்த்து, பின்னால் உள்ள பழைய கலவையை அரைத்து எடுத்து, மறுபடி ஒட்டுங்கள். இதற்காகவே மிச்சமான நாலைந்து டைலையும் கொஞ்சம் கிரவுட் பொடியையும், தொகுதி எண் எழுதிய பெட்டியோடு எடுத்து வையுங்கள்.